நனைந்த சட்டைக் கை

போன வாரம் ளுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் குழாயடியில் சட்டைக் கையின் ஓரத்தையும் முன்முடியையும் மட்டும் நனைத்துக்கொண்டு தொழுகை வரிசைக்கு ஓடினான். முழங்கை காய்ந்து கிடந்தது. "ஒளூ செஞ்சியாப்பா?" என்றேன்; தொழுமுன் முகம், முழங்கை வரை கை, கால் கழுவுவதுதான் ஒளூ. உள்ளங்கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "செஞ்சுட்டேன் டீச்சர்" என்றான். முன்பு படித்த பள்ளியில் தாமதமானால் உள்ளங்கையில் பிரம்படியாம். வயது எட்டு. இந்த வருஷம் இப்படி நான் பார்க்கும் நான்காவது பிள்ளை.

பெற்றோரிடம் பேசினால் உடனே வரும் பதில்: "தொழாட்டி அடிக்கச் சொல்லி ஹதீஸே இருக்கே டீச்சர்." நபிமொழியான அந்த ஹதீஸை முழுதாகப் படியுங்கள். ஏழு வயதில் தொழச் சொல்லி ஏவுங்கள் என்றுதான் அது தொடங்குகிறது. பத்து வயதில் அடிக்கும் பேச்சு அதற்கு அப்புறம். இடையில் மூன்று வருஷம், தினம் ஐந்து வேளை. ஐயாயிரம் தடவைக்கு மேல் வாயால் சொல்ல வேண்டும். அதில் ஐம்பது தடவையாவது பொறுமையாகச் சொன்னோமா? எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஹதீஸில் அடியே கிடையாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்து வருஷம் பணிவிடை செய்த அனஸ் (ரலி), தம்மை அவர்கள் "சீ" என்றுகூடச் சொன்னதில்லை என்கிறார். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதவர்கள் அவர்கள். அடித்து வளர்க்கும் பிள்ளை பொய்யும் ஏய்ப்பும் பழகும் என்று வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அந்தச் சட்டைக் கையில் நான் பார்த்தது அதைத்தான்.

பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. பொறுப்பில் உள்ள பிள்ளையை அடித்துத் துன்புறுத்தினால் சிறை வரை போகும்.

சக ஆசிரியர்களே, உஸ்தாதுமார்களே, பிரம்பை முதலில் வகுப்பைவிட்டு வெளியே போடுங்கள். பேசிய பிள்ளையிடம் "போய் இரண்டு ரக்அத் தொழு" என்று தொழுகையைத் தண்டனையாக்காதீர்கள். தாமதம் ஏன் என்று குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் பள்ளியில் நான்கு குழாய்க்கு அறுபது பிள்ளைகள் நின்றார்கள். மணியைப் பத்து நிமிஷம் முன்னால் அடித்து, வகுப்பு வகுப்பாக அனுப்பினோம். சின்னவர்களுக்கு எட்டும்படி ஒரு படி கட்டினோம். வரிசை தானாகவே சரியானது.

வாப்பாமாரே, உம்மாமாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இன்று ராத்திரி சோறு போடும்போது பிள்ளையின் உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பாருங்கள்.