எம்காஸ்: ஒரே உணரியை நம்பிய மென்பொருள்

விமானத்தில் ஒரு வால்வு தேய்ந்தால் அது அந்த ஒரு விமானத்தின் கோளாறு. மென்பொருளில் தவறு இருந்தாலோ, அந்தப் பதிப்பு ஏற்றப்பட்ட எல்லா விமானங்களிலும் முதல் நாளிலிருந்தே அது இருக்கும். போயிங் 787இல் எஞ்சின்களோடு இணைந்த ஜெனரேட்டர்களுக்கு நான்கு கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. நான்கிலும் ஒரே மென்பொருள். 248 நாள் தொடர்ந்து மின்சாரம் ஓடினால் உள்ளே நேரத்தை எண்ணும் கவுண்டர் நிரம்பி வழிந்து நான்கும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் என்று 2015இல் தெரியவந்தது. ஒன்றுக்கு நான்காக வைத்ததால் அங்கே பயனில்லை.

போயிங் 737 மேக்ஸ் விஷயம் இன்னும் மோசமானது. அதன் எம்காஸ் மென்பொருள், எழுதிக் கொடுத்த விதிப்படியே இயங்கியது. விதிதான் தவறு.

மேக்ஸின் புதிய எஞ்சின்கள் பெரியவை. இறக்கையில் முன்தள்ளி, சற்று உயரத்தில் பொருத்தப்பட்டவை. மூக்கு அதிகம் நிமிரும்போது எஞ்சின் உறையே தூக்குவிசை தந்து மூக்கை மேலும் நிமிர்த்தும். விமானியின் கையில் கட்டுப்பாட்டுத் தண்டு லேசாகிவிடும். சான்றிதழ் விதிகள் இதை அனுமதிப்பதில்லை. எனவே வாலின் கிடைமட்டச் சிறகைத் தானே திருப்பி மூக்கை இறக்கும் எம்காஸ் சேர்க்கப்பட்டது.

முதல் வடிவமைப்பில் அது அதிவேகத்தில் மட்டும் வேலை செய்தது. தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம்), முடுக்கம் என இரண்டு அளவீடுகளும் எல்லை மீறினால்தான் இயங்கும், அதிகபட்சம் 0.6 பாகை திருப்பும். பிறகு குறைவேகத்துக்கும் நீட்டித்தபோது முடுக்க நிபந்தனை போனது, திருப்பும் அளவு 2.5 பாகை ஆனது. மிஞ்சியது ஒரே ஒரு தாக்குகோண உணரி (சென்சார்). விமானத்தில் அத்தகைய உணரிகள் இரண்டு இருந்தும், எம்காஸ் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வால் சிறகைத் திருப்பும் ட்ரிம் பொத்தானை விமானி அழுத்தி மீட்டால் 5 நொடி பொறுத்து மறுபடி மூக்கை இறக்கும். எத்தனை முறை என்ற வரம்பும் இல்லை.

2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானத்தில் இடப்பக்க உணரி சுமார் 21 பாகை கூடுதலாகக் காட்டியது. எம்காஸ் இருபது முறைக்கு மேல் மூக்கை இறக்கியது. 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் விமானத்தில் 157 பேர். அந்த விமானிகள் சுவிட்சை அணைத்து, வால் சிறகைத் திருப்பும் மின்மோட்டாரைத் துண்டித்தார்கள். ஆனால் அந்த வேகத்தில் காற்றழுத்தம் தாங்கிய சிறகைக் கைச்சக்கரத்தால் திருப்ப முடியவில்லை.

லயன் ஏர் விபத்து நடந்தபோது விமானிகளின் கையேட்டில் எம்காஸின் விளக்கமே கிடையாது. அது குறைவேகத்திலும் இயங்கும் என்பதை அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் மதிப்பீட்டுக் குழுவிடம் தன் தொழில்நுட்ப விமானிகள் இருவர் மறைத்ததை 2021 ஜனவரியில் போயிங் ஒப்புக்கொண்டு, 250 கோடி டாலருக்கு மேல் தர உடன்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட ஒரே தனிநபரை 2022இல் ஜூரி விடுவித்தது. 346 உயிர்களுக்குத் தனிமனிதர் எவரும் பொறுப்பேற்கவில்லை. 0.6 பாகையை 2.5 ஆக்கியது பெரிய மாற்றம். அபாய ஆய்வை அடியிலிருந்து திரும்பச் செய்து, பொறுப்பாளர் பெயரோடு கையொப்பமிட்டிருக்க வேண்டும்.

திருத்திய எம்காஸ் இரு உணரிகளையும் ஒப்பிடுகிறது, வேறுபாடு 5.5 பாகைக்கு மேல் போனால் விலகிக்கொள்கிறது. ஒரு நிகழ்வுக்கு ஒருமுறைதான் இயங்கும். தண்டை இழுத்தாலே விமானி அதை வெல்லலாம். 2020 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய சட்டம், விமானி தொடாமலேயே கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைக்கும் அமைப்புகளைப் பற்றிய பாதுகாப்பு விவரங்களை எஃப்ஏஏவிடம் தயாரிப்பாளர் தெரிவித்தாக வேண்டும் என்கிறது.