கண்ணில் விட்ட சொட்டு, நெஞ்சில் கேட்ட விசில்

"அம்மாவுக்கு வீசிங் பல வருஷமாகக் கட்டுக்குள் இருந்தது. இரண்டு மாதமாக ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். வேறு மருந்து ஏதாவது இளைப்பைக் கிளப்பிவிடுமா? மாத்திரை எதையும் மாற்றவில்லை" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கிளப்பும். இதில் பேர் போனவை வலி மாத்திரைகள்: ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கு இவை ஒத்துக்கொள்வதில்லை. விழுங்கிய அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் நெஞ்சு இறுகும். இவர்களுக்குப் பெரும்பாலும் மூக்கில் சதையும் வளர்ந்திருக்கும். வழக்கமான அளவில் பாராசிட்டமால் அநேகருக்குப் பிரச்சினை தராது. ஆனால் கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்த மாத்திரையை நீட்டிவிடுவார்கள், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சரி, மாத்திரையே மாறவில்லை என்கிறாரே. "கண்ணுக்கு ஏதாவது விடுகிறாரா?" என்று கேட்டேன். "கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து. அதையெல்லாமா கணக்கில் சேர்ப்பார்கள்?" என்று பாட்டிலைப் படமெடுத்து அனுப்பினார். டிமோலால், 0.5 சதவீதம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

டிமோலால் ஒரு பீட்டா தடுப்பான். கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைத்து அழுத்தத்தை இறக்கும். கண்ணில் விட்டது நெஞ்சுக்கு எப்படிப் போகிறது? கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். மூக்கை ஒட்டிய முனையில் குண்டூசியால் குத்தியதுபோல ஒரு துளை தெரியும். கண்ணீருக்கு அதுதான் வடிகால். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் அந்த வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். சில சொட்டு மருந்துகள் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இதனால்தான்.

கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 0.007 மில்லி. ஒரு சொட்டு மருந்தோ 0.04 மில்லி. கண் கொள்ளாதது கொஞ்சம் கன்னத்தில் வழியும், கொஞ்சம் துளைக்குள் போகும். மூக்கின் உட்சுவர் முழுக்க மெல்லிய ரத்தக் குழாய்கள், மருந்து அங்கிருந்தே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. விழுங்கிய மாத்திரை என்றால் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போக வேண்டும். அந்தச் சுங்கச்சாவடியில் டிமோலாலில் பாதி கழிந்துவிடும். மூக்கு வழி பைபாஸ் ரோடு, சுங்கமே கிடையாது. ஒரு சொட்டில் இருப்பது 0.2 மில்லிகிராம்தான் என்றாலும், எப்போதும் விளிம்பில் நிற்கும் மூச்சுக்குழாய்க்கு அது போதும்.

மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள் உண்டு. அட்ரினலின் அதில் வந்து உட்கார்ந்தால் தசை தளரும், குழாய் விரியும். இன்ஹேலரில் உள்ள சால்பூட்டமாலுக்கும் அதே நாற்காலிதான். டிமோலால் அதை ஆக்கிரமித்துக்கொள்கிறது. இளைப்பு வருவதோடு, அவசரத்துக்கு அடிக்கும் பஃப்பும் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொண்டால் ரத்தத்துக்குப் போவது பாதிக்கும் மேல் குறையும். இது எல்லோருக்கும் நல்ல பழக்கம்தான். ஆனால் ஆஸ்துமாக்காரர்கள் இதை நம்பி டிமோலாலைக் கண்ணில் விட்டுக்கொள்ள முடியாது. ஆஸ்துமா இருந்தால் கூடாது என்று மருந்துத் தாளிலேயே போட்டிருக்கும். பொடி எழுத்தில். அதற்காகத் தானாக நிறுத்திவிடவும் கூடாது, அழுத்தத்தால் கெட்ட பார்வை நரம்பு திரும்ப வராது. லாட்டனோப்ரோஸ்ட் போல வேறு சொட்டுகள் இருக்கின்றன. அன்றைக்கே கண் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மூச்சு விடவே திணறினால் நேராக ஆஸ்பத்திரிதான்.

எனக்கு ஒரு ஆதங்கம். ஆஸ்துமா தீர ஜூன் மாதத்தில் ஹைதராபாத் போய், வரிசையில் நின்று உயிர் மீனை விழுங்குகிறோம். வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க மாட்டோம். விழுங்கினால்தான் மருந்து என்று ஒரு நினைப்பு.

வாசகி மறுநாளே கண் மருத்துவரிடம் பேசிவிட்டார். "ஆஸ்துமா இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்றாராம் அவர். அம்மாவைக் கேட்டதற்கு, "அவர் கண்ணைப் பற்றித்தானே கேட்டார்" என்றாராம்.