கேமராவுக்கு உரிமம் வேண்டாம், கண்காணிப்பவருக்கு வேண்டும்

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான உரிமம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியாவில் பி.எஸ்.ஐ.எஸ். என்ற அலுவலகமும் டெக்சாஸில் பொதுப் பாதுகாப்புத் துறையும் உரிமம் தருகின்றன. புளோரிடாவோ இதை மின் ஒப்பந்ததாரர் வேலையோடு சேர்த்துவிட்டது. மாநில உரிமமே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே நகராட்சி அல்லது கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) விதிதான்.

உரிமம் கருவிக்கு அல்ல, வேலைக்கு. கடையில் கேமரா வாங்கி நீங்களே மாட்டி, போனில் பார்த்துக்கொண்டால் பொதுவாக யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு வேறொருவர் அலாரம் பொருத்தினாலோ கண்காணித்தாலோதான் உரிமப் பேச்சு வரும். கலிபோர்னியாவில் வீட்டுக்குள் வந்து அலாரம் பொருத்தும் ஊழியரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வைஃபை கருவிகள் வந்தபின் குழப்பம் ஒன்று கூடியிருக்கிறது. கருவியை விற்பது ஒரு நிறுவனம்; மாதக் கட்டணத்துக்குக் கண்காணிக்கும் மையம் வேறு மாநிலத்தில் உள்ள இன்னொன்றாக இருக்கலாம். அதனால் கண்காணிப்பது யார், அவர்களுடைய உரிம எண் என்ன என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். கலிபோர்னியா, டெக்சாஸ் இரண்டிலும் உரிமத்தை இணையத்தில் சரிபார்க்கலாம்.

சரி, உரிமம் இருந்தால் உங்கள் வீடியோ பத்திரமா? அப்படிச் சொல்ல முடியாது. அலாரம் உரிமம் பெரும்பாலும் ஆளின் பின்னணியையும் தகுதியையும்தான் பார்க்கிறது. இணையப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம். கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்க முடியாது: ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு, அல்லது முதல்முறை திறக்கும்போதே புதிதாக வைக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர் வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று 2023-ல் வழக்குப் போட்டு 58 லட்சம் டாலர் கட்டவைத்ததும் மாநில உரிம அலுவலகம் அல்ல, மத்திய வர்த்தக ஆணையம்.

அப்புறம், உங்கள் பங்கும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பல நகரங்களில் போலீஸை வரவழைக்கும் அலாரம் வைத்திருப்பவர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பொய் அலாரத்துக்கு அபராதம் உண்டு.

வீடு தேடி வந்த விற்பனையாளரிடம் 25 டாலர் அல்லது அதற்கு மேல் ஒப்பந்தம் போட்டிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள். முழுக்க இணையத்தில் வாங்கியதற்கு இந்த விதி பொருந்தாது.