சுழல் பாலம் நடைபாலமாகும்போது

1924இல் பதுளையை அடைந்த மலைநாட்டு ரயில் பாதை அங்கேயே முடிந்துவிடுவதால், ஏறி வந்த நீராவி எஞ்சினை மீண்டும் கொழும்புத் திசைக்கு முகம் திருப்பச் சுழல்மேடை தேவைப்பட்டது. எஞ்சினின் எடை நடு அச்சின் இருபுறமும் சமமாக விழும்படி நிறுத்திவிட்டால், அத்தனை தொன் இரும்பையும் சிலர் சேர்ந்து கையால் தள்ளியே திருப்பிவிடலாம். கப்பல் போகும் நீர்வழிகளில் உருக்குச் சுழல் பாலங்கள் இயங்குவதும் இதே முறையில்தான். ஆற்றின் நடுத்தூணில் அச்சும் உருளைகளும் இருக்கும். பற்சக்கரம் அசைந்ததும் பாலம் படுக்கைவாட்டில் கால்வட்டம் சுழன்று கப்பலுக்கு வழிவிடும்.

சுழற்றுவதைவிட, சுழன்று வந்த பாலத்தை உறுதியாக உட்காரவைப்பதே கடினமானது. திறந்திருக்கும்போது இரு கரங்களும் பிடிமானமின்றி நீட்டிக்கொண்டிருப்பதால், நுனிகள் சற்றே தாழ்ந்து, மேல் சட்டங்கள் இழுபடுகின்றன, கீழ்ச் சட்டங்கள் அமுக்கப்படுகின்றன. மூடிய பின்னர் நுனிகளுக்கு அடியில் ஆப்புகளைச் செலுத்தி அவற்றை உயர்த்தித் தாங்கவைக்கிறார்கள். அதன்மேல் சுமை ஏறும்போது, சற்றுமுன் அமுங்கிய சட்டங்களில் சில இப்போது இழுபடும். ஆப்பு தளர்ந்திருந்தால், ஒரு முனையில் லொறி ஏறும்போது மறுமுனை எழும்பி, பிறகு தாங்கியில் மோதும். வெயிலும் தொல்லைதான்: 2024 ஜூலையில் நியூயோர்க்கின் மூன்றாம் அவென்யூ பாலம் வெப்பத்தில் விரிந்து மூட முடியாமல் நின்றபோது, படகிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அதனைக் குளிரவைத்தார்கள்.

சிட்னியின் பியர்மொண்ட் பாலம் 1902இல் திறக்கப்பட்டது; மின்சாரத்தால் சுழன்ற பெரிய பாலங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. 1981இல் வாகனங்களுக்கு மூடப்பட்ட அது, பின்னர் நடைபாலமாகி இன்றும் மக்களைச் சுமக்கிறது. மனிதர்கள் வாகனங்களைவிட இலகுவானவர்கள் என்பதால்தான் இது முடிகிறது என்று பலர் எண்ணுவர். அது பாதி உண்மையே. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்காக, நடைபாலங்களைச் சதுர மீற்றருக்குச் சுமார் 500 கிலோகிராம் தாங்கும்படி வடிவமைப்பது வழக்கம். அகலமான பாலத்தில் இது வரிசையாக நிற்கும் கார்களின் எடையையும் மிஞ்சிவிடும். பழைய உருக்கைத் தேய்ப்பது ஒருநாள் கூட்டத்தைவிட அன்றாட அதிர்வே. கனரக வாகனம் ஒவ்வொன்றும் மூட்டுகளை ஒருமுறை இழுத்துத் தளர்த்துகிறது. இலட்சக்கணக்கான தடவை இப்படி நிகழும்போது, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் துளை விளிம்பில் மயிரிழை விரிசல் பிறந்து மெல்ல நீள்கிறது. இந்தச் சேதம், உருக்கினுள் எழும் விசையான தகைவு ஏறி இறங்கும் அளவின் கனத்துக்கு (அதே எண்ணை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு) நெருக்கமாக வளர்வதால், கனரக வாகனங்களை நிறுத்தி அந்த ஏற்றத்தாழ்வைப் பாதியாக்கினாலே உலோகத்தின் ஆயுள் ஏறக்குறைய எட்டு மடங்காகும்.

துருவுக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது. வாகனம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அரித்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளை போன்ற பகுதிகளிலும், பனிமூட்டம் நாள்கணக்கில் விலகாத மேட்டு நிலங்களிலும் தகடுகளின் இடுக்கில் புகுந்த ஈரம் காய்வதேயில்லை. அங்கே உருவாகும் துரு, தான் தின்ற உலோகத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், இரு தகடுகளையும் உள்ளிருந்தே பிளந்து ரிவெட் தலையையும் தெறிக்கவைக்கும். வெளிப்புறம் புதிதாகப் பெயின்ட் பூசிய பாலத்தில்கூட, தகட்டின் விளிம்பு அலை அலையாகப் புடைத்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

மலையகத்தின் ஆறுகளில் கப்பல் ஓடாததால் சுழல் பாலத்துக்கு இங்கே வேலையில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும் பழைய இரும்புப் பாலங்கள் எல்லாவற்றிலும் இதே விரிசலையும் துருவையும் தேடும் சோதனை அவசியம் என்று உறுதியாகச் சொல்வேன். இலையும் மண்ணும் தேங்கும் கீழ் மூட்டுகளையும் கரையோரத் தாங்கிகளையும் முதலில் சுத்தம் செய்து, ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்ததில் சத்தம் மந்தமாக இருக்கும், மறுபக்கத் தலையில் விரலை வைத்தால் அசைவும் தெரியும்.