ஆரத்தித் தண்ணி ஏன் சிவக்குது? கண்காட்சி ஸ்டால் போடப்போறவங்களுக்கு

பிப்ரவரி பொறந்தா எங்க ஊரு ஸ்டேஷனரி கடையில தெர்மாகோல் தீர்ந்துடும். 1928 பிப்ரவரி 28ல சர் சி.வி.ராமன் ராமன் விளைவ கண்டுபிடிச்சதா அறிவிச்ச நாள்தான் தேசிய அறிவியல் தினம், அதை ஒட்டி எல்லா ஸ்கூல்லயும் கண்காட்சி. முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு அப்பா தெர்மாகோல் அறுப்பாரு, அம்மா ஃபெவிகால் தடவுவாங்க, மாடல் செய்யவேண்டிய பிள்ளை நல்லா தூங்கிட்டிருக்கும்.

அறிவியல் டீச்சரா இருக்கேன், பக்கத்து ஸ்கூல்களுக்கு ஜட்ஜாவும் போறதுண்டு. போன உடனே "குட்மார்னிங் மேடம், மை ப்ராஜெக்ட் இஸ்"னு ஆரம்பிச்சு மூச்சு விடாம ஒப்பிப்பாங்க, நடுவுல ஒரு கேள்வி கேட்டோம்னா போச்சு, மறுபடி குட்மார்னிங்ல இருந்துதான் வரணும். பள்ளிப் பிள்ளைங்களோட அறிவியல் ஐடியாவுக்கு மத்திய அரசு குடுக்கிற இன்ஸ்பையர் மானக் விருதுல ஐடியா தேர்வாச்சுன்னா மாடல் செய்யன்னு 10,000 ரூபா பிள்ளையோட அக்கவுண்ட்டுக்கே வருது, அதையும் தூக்கி ரெடிமேட் மாடல் விக்கிற கடையில குடுத்துட்டு வர்றவங்கள பாத்திருக்கேன். அந்த மாடல்ல ஒரு ஒயர் கழண்டா மாட்டத் தெரியாது பிள்ளைக்கு.

ஸ்டால் பிளான் பண்றப்ப முதல்ல வர்றவங்கள நினைங்க. வகுப்பு வகுப்பா வரிசையில வருவாங்க, பின்னாடி டீச்சர் "நகரு நகரு"ன்னு விரட்டிட்டே வருவாங்க. ஒரு மேஜைக்கு மிஞ்சிப்போனா ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துல அவங்க கை எதையாவது செய்யணும், வாய் ஒரு பதில் சொல்லணும், அவ்ளோதான் என் கணக்கு.

போன வருஷம் எங்க ஏழாவது பொண்ணுங்க ரெண்டு பேர் "அமிலங்களும் காரங்களும்"னு சார்ட் எழுதிட்டு வந்தாங்க. தலைப்ப மட்டும் மாத்துங்கம்மான்னேன். ரொம்ப நேரம் யோசிச்சு "ஆரத்தித் தண்ணி ஏன் சிவக்குது?"னு எழுதினாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா சிவக்கும்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும், ஏன்னு யாரும் கேட்டதில்ல. மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கிற பொருள், சுண்ணாம்பு மாதிரி காரம் பட்டா செவப்பாகும், எலுமிச்சை புளிஞ்சா திரும்ப மஞ்சளுக்கே வந்துடும். மேஜையில மஞ்சள் தடவி காயவெச்ச பேப்பர் துண்டு, சோப்புத் தண்ணி, புளிக்கரைசல், வாஷிங் பவுடர் தண்ணி, எலுமிச்சை சாறு. பக்கத்துல ரெண்டு டப்பா, ஒண்ணு "மாறும்", இன்னொண்ணு "மாறாது". சொட்டு விடறதுக்கு முன்னாடி ஒரு புளியங்கொட்டைய ஏதாவது ஒரு டப்பாவுல போட்டே ஆகணும். யூகம் சொல்லிட்டாங்கன்னா அப்புறம் பதில் தெரியாம நகர மாட்டாங்க, பின்னாடி டீச்சர் எவ்ளோ கத்தினாலும்.

விளக்கம் எழுதுறதா இருந்தா நாலு வரி போதும், சார்ட் பூரா பாடப்புத்தகத்த எழுதி வெச்சா யாரும் படிக்கப்போறதில்ல. தலைப்பு பத்தடி தள்ளி நின்னா தெரியணும். சார்ட்ட நீங்க நின்னு பாத்து ஒட்டாதீங்க, ஆறாவது பிள்ளை கண்ணு எங்க இருக்கோ அங்க ஒட்டுங்க. பேசுற பிள்ளைங்கள அரை மணிக்கு ஒருதரம் மாத்தி விடுங்க, மதியத்துக்குள்ள தொண்டை போயிடும் பாவம். கரண்ட் இல்லாமலும் ஓடுற மாதிரி ஸ்டால் இருந்தா இன்னும் நிம்மதி, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எட்டு ஸ்டால் சொருகி ஃபியூஸ் போன கதையெல்லாம் நிறைய இருக்கு.

இத கொஞ்சம் கோவமாவே சொல்றேன், அந்த எரிமலை. ஆரஞ்சு கலர் உப்ப குமிச்சு பத்தவெச்சா தீப்பொறியும் பச்சை சாம்பலுமா பொங்குமே, அது அம்மோனியம் டைகுரோமேட். அதுல இருக்கிற குரோமியம் புற்றுநோய் வரவைக்கிற வகை. ஒரு ஸ்கூல்ல ஃபேன் ஓடுற மூடின ரூம்ல இத செஞ்சு காட்டிட்டு இருந்தாங்க, சாம்பல் பறந்து பக்கத்து மேஜையில இருந்த சத்துணவு ஸ்டால் சுண்டல் மேலயே விழுந்துச்சு. ஜட்ஜா போன நான் மார்க் போடறத விட்டுட்டு ஃபேன நிறுத்தி சுண்டல கொட்டச் சொன்னேன், அவங்களுக்கு என் மேல வருத்தம்தான். எரிமலை வேணும்னா சமையல் சோடாவும் வினிகரும் போதும். நாங்க சுண்ணாம்பையும் பிள்ளைங்க கைக்குக் குடுக்கல, கண்ணுல பட்டா பார்வையே போகலாம். அதனாலதான் சோப்புத் தண்ணி, அதுலயும் சிவக்கும்.

மதியம் எங்க ஸ்கூல் ஆயாம்மா வந்து நின்னாங்க. "மாறும்" டப்பாவுல கொட்டைய போட்டுட்டு சோப்புத் தண்ணி விட்டாங்க, சிவந்துச்சு. "சேலையில பட்ட மஞ்சக்கறை சோப்பு போட்டா செவக்குமே, அதானா இது?"ன்னாங்க. சார்ட்ல இல்லாத உதாரணம் அது. அந்தப் பொண்ணு ஒரு செகண்ட் முழிச்சிட்டு "ஆமா ஆயாம்மா, அதேதான்"னு சொல்லி எலுமிச்சைய அவங்க கையில குடுத்தா. அதுக்கப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் சேலைக் கறையில இருந்துதான் ஆரம்பிச்சா, எழுதிக் குடுத்த ஸ்பீச் மேஜைக்கு அடியில போயிடுச்சு.

எலுமிச்சை மட்டும் 20 வாங்கினது பத்தல, ரெண்டு மணிக்கே பத்தாவது பையன ஒருத்தன கடைக்கு ஓட விட்டேன். நீங்க 50 வாங்கி வெச்சுக்கோங்க.