மார்ஃபின் கேட்டால் போலீஸ் கேஸா? சட்டம் சொல்வது வேறு

புற்றுநோய் முற்றிய ஒருவர் ராத்திரி முழுக்க வலியில் துடிக்கிறார், பாராசிட்டமாலுக்குக் கேட்கவில்லை, அதைவிட வலுவான டிரமடாலுக்கும் கேட்கவில்லை. அடுத்து கொடுக்க வேண்டியது அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின். விலை குறைவான, வாயில் போட்டு விழுங்கும் மாத்திரைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்டால், "அது போதை மருந்து, நாங்கள் வைப்பதில்லை, வம்பு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) கடத்தலைத் தடுக்கத்தான் வந்தது, ஆனால் மார்ஃபின் வாங்க நினைத்த ஆஸ்பத்திரி பல துறைகளில் நாலைந்து உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது, ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும், கணக்கில் பிழை வந்தால் ஜெயில் என்ற பயம் வேறு. 1997-ல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபின் பயிராகும் நாட்டில் இந்த நிலை! நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை.

திருவனந்தபுரம் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இப்போது 'அத்தியாவசிய போதை மருந்துகள்'. இவற்றை வைக்க ஒரு ஆஸ்பத்திரிக்கு மாநில மருந்து கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும், வரவு செலவுப் பதிவேடு சரியாக இருக்க வேண்டும். இப்படி அங்கீகாரம் பெற்ற இடத்தை ஆர்.எம்.ஐ. (அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்) என்பார்கள். "உங்கள் ஆஸ்பத்திரி ஆர்.எம்.ஐ.யா? இல்லையென்றால் பக்கத்தில் எது?" என்று தயங்காமல் கேளுங்கள். டாக்டர் எழுதி, முறையாகக் கொடுக்கப்பட்ட அளவு மார்ஃபினை நோயாளி தன் வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. மருந்துச் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டாக்டர்கள் ஏன் இன்னமும் தயங்குகிறார்கள்? ஒரு காரணம், படிப்பதெல்லாம் அமெரிக்காவின் கதை. 1980-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரே பத்தியில் ஒரு கடிதம் வந்தது, ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்து இந்த மருந்துகளை வாங்கியவர்களில் அடிமையானவர்கள் மிகச் சிலரே என்று. அதை முழுசாகப் படிக்காமலே, வருடக்கணக்கில் நீளும் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இவற்றைக் கொடுக்கலாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். மருந்து தாராளமாகப் பாய்ந்து, பல உயிர்கள் போயின. அதற்கு மறுபக்கமாக 2016-ல் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த மருந்துகளை எழுதுவது பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. புற்றுநோய் சிகிச்சை, ஆதரவு சிகிச்சை (தீவிர நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை), கடைசிக் காலப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தும், பலர் அளவு வரம்பை மட்டும் பிடித்துக்கொண்டு மருந்தை வெட்டினார்கள். 2022-ல் அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இரண்டு முறையும் சுருக்கத்தை மட்டும் படித்ததன் வலியை நோயாளிதான் அனுபவித்தார். அதனால் டாக்டர்களே, மூலத்தைப் படியுங்கள், அது யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு: சாதாரண மார்ஃபின் மாத்திரையை வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துத்தான் கொடுப்பார்கள், வலி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும், முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் அளவைக் கூட்டவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது. ஆள் எழுப்ப முடியாத அளவுக்கு மயங்கி, மூச்சு மெதுவானால் உடனே ஆஸ்பத்திரி.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் உண்டு, செவிலியர் வீட்டுக்கே வருவார். மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்கலாம். அப்புறம், மீந்துபோன மாத்திரைகளை அலமாரியில் விட்டுவைக்காமல், யாருக்கும் கொடுக்காமல், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.