கண்டும் காணாமலும்: அந்நியர்கள் கூடி வாழும் விதம்

லிஃப்டுக்குள் நுழைபவர் கதவைப் பார்த்தபடி திரும்பி நிற்க வேண்டும் என்று எந்த அறிவிப்புப் பலகையும் சொல்வதில்லை. இருந்தும் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். தனியாக இருப்பவர் நடுவில் நிற்பார். இன்னொருவர் ஏறியதும் இருவரும் ஆளுக்கொரு மூலைக்கு ஒதுங்குவார்கள், மேலும் சிலர் வந்தால் முழங்கைகள் உடலோடு ஒட்டிக்கொள்ளும், பார்வைகள் மாறிக்கொண்டிருக்கும் தள எண்களின் மீது போய் நிற்கும். யாராவது ஒருவர் கதவுக்கு முதுகைக் காட்டி, மற்றவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். அவர் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அந்தச் சிறிய அறையில் மற்றவர்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும்.

இதை மனித இயல்பு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் ‘இயல்பு’ என்று நாம் கருதுவதில் கணிசமான பகுதி தனி மனிதரின் உள்ளே இல்லை, மனிதர்களுக்கு நடுவே ஒவ்வொரு கணமும் கூட்டாக உருவாக்கப்படுகிறது என்பதே அன்றாட வாழ்க்கையை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் முன்வைக்கும் கருத்து. அதற்கு மிக நல்ல சான்று, ஒருவரையொருவர் அறியாதவர்கள் கூடும் பொது இடம்தான்.

பெர்லினில் பிறந்து வளர்ந்த சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் இதைத் தொடக்கத்திலேயே கவனித்தவர். 19ஆம் நூற்றாண்டில் ரயிலும் டிராமும் வருவதற்கு முன், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ எதிரெதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை மனிதர்களுக்கு ஏற்பட்டதே இல்லை என்று அவர் எழுதினார். பெருநகர வாழ்வையும் மனத்தையும் பற்றி 1903இல் அவர் எழுதிய கட்டுரை, நகரவாசியின் ஒதுக்கத்தைக் குணக்கேடாகக் காணவில்லை. எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்துக்கும் மனம் கொடுத்தால் மனமே தாங்காது என்பதால் எழுந்த தற்காப்பாகவே அதை விளக்கியது.

சிம்மல் மனத்தின் பக்கமிருந்து பார்த்ததை, கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் (1922–1982) கண், தோள், நடை ஆகியவற்றின் அளவிலேயே பார்த்தார். எதிரெதிரே நடந்துவரும் இரு அந்நியர்கள் ஏறத்தாழ எட்டு அடி தூரம் வரை ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், யார் எந்தப் பக்கம் விலகுவது என்பதை அந்தப் பார்வையிலேயே முடிவு செய்கிறார்கள், பிறகு கடந்துசெல்லும்போது கண்களைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எதிரே வரும் வண்டிக்காக முன்விளக்கின் ஒளியைக் குறைப்பதைப் போன்றது இது என்றார் அவர். கண்ணியமான பாராமுகம் என்று இதைச் சொல்லலாம். இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. முதலில் பார்ப்பது, ‘நீங்கள் இங்கே இருப்பதை அறிந்துகொண்டேன்’ என்கிறது. அடுத்துப் பார்வையை விலக்குவது, ‘உங்களைப் பற்றி எனக்கு அச்சமோ சந்தேகமோ அளவுமீறிய ஆர்வமோ இல்லை’ என்கிறது. முதல் பாதி இல்லாவிட்டால் அது அலட்சியம். இரண்டாவது பாதி இல்லாவிட்டால் அது முறைப்பு.

காஃப்மனின் கூர்மை, தொடக்கத்தில் அவர் களப்பணி செய்த ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவிலேயே தெரிகிறது. அங்கே குடிசைகளுக்கு வெளியே பார்வையை மறைக்க எதுவும் இல்லை, உள்ளேயோ வெளிச்சம் குறைவு. ஆகவே தேநீர் அருந்த வரும் அண்டை வீட்டாரை, அவருக்குத் தெரியாமலே உள்ளிருந்து பார்க்க முடிந்தது. அவர் தம் வழக்கமான முகத்தோடு நடந்து வருவதும், வாசலை நெருங்கும்போது அதைக் கழற்றிவிட்டுப் புன்னகை முகத்தை அணிந்துகொள்வதும் வீட்டிலிருந்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்தன. இந்த வேடிக்கையை அறிந்த சில விருந்தாளிகள், வெகு தூரத்திலேயே புன்னகைக்கத் தொடங்கிவிடுவார்களாம். இதையெல்லாம் படித்துவிட்டு ‘எல்லாரும் நடிக்கிறார்கள், உண்மையான மனிதர் என்று எவரும் இல்லை’ என்ற முடிவுக்கு வருபவர்கள் உண்டு. அது மேலோட்டமான வாசிப்பு என்பதே என் கருத்து. கதவைத் திறக்கப்போகிறவருக்குச் சங்கடம் நேரக்கூடாது என்பதற்காகவும் முகம் மாற்றப்படுகிறது. அதில் ஏமாற்றைவிட அக்கறையே மிகுதி.

அப்படியானால் உயிரியலுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள்கூட, வேறெங்கோ பார்க்கும் முகத்தைவிடத் தங்களை நேராகப் பார்க்கும் முகத்தையே அதிக நேரம் பார்க்கின்றன என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிறர் பார்வைக்கு உடனே கிளர்ந்தெழும் நுண்ணுணர்வை உடல் கொண்டுவருகிறது. யாரை, எங்கே, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்ற கணக்கை மட்டும் மற்றவர்களிடமிருந்தே கற்க வேண்டியிருக்கிறது. பேருந்தில் எதிரே இருப்பவரை வைத்த கண் வாங்காமல் பார்க்கும் குழந்தையின் தலையைப் பெற்றோர் மெல்லத் திருப்பிவிடுவது அந்தப் பாடங்களில் ஒன்று.

கற்ற பாடம் எவ்வளவு ஆழமாக உடலில் இறங்கியிருக்கிறது என்பதை, 1970களில் நியூயார்க் சுரங்க ரயிலில் நடந்த ஒரு சோதனை வெளிச்சமிட்டது. சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மாணவர்கள், உட்கார்ந்திருந்த பயணிகளிடம் சென்று, காரணம் எதுவும் சொல்லாமல், ‘மன்னிக்கவும், உங்கள் இடத்தை எனக்குத் தர முடியுமா?’ என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது சுமார் 68 சதவீதம் பேர், எழுந்து கொடுத்தார்கள் அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை என்ற அற்பக் காரணத்தைச் சொன்னபோது இது 42 சதவீதமாகக் குறைந்தது. காரணமே இல்லாத கோரிக்கைக்குக் கேட்கப்பட்டவரே ஏதோ ஒரு தீவிரமான காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார். அற்பமான காரணமோ மறுப்பதற்கு வழி செய்துவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். என்றாலும் எண்களைவிடச் சுவையானது கேட்டவர்களின் நிலைதான். மில்கிராமே ஒரு முறை கேட்க முயன்றபோது சொற்கள் தொண்டையில் சிக்கிக்கொண்டன. இடம் கிடைத்து உட்கார்ந்ததும், தம் கோரிக்கை நியாயம்தான் என்று காட்டியாக வேண்டிய உந்துதலில் அவருடைய தலை தாழ்ந்தது, முகம் வெளிறியது. நடிக்க வேண்டும் என்று நினைக்காமலே அவர் உண்மையில் நோயாளியைப் போல ஆகியிருந்தார்.

வீட்டுக்குள் நிலைமை வேறாக இருக்கும் என்று நாம் எண்ணலாம். ஹெரால்ட் கார்ஃபிங்கல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தம் மாணவர்களைச் சொந்த வீட்டில் கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை வாடகைக்குத் தங்கியவர்களைப் போல நடந்துகொள்ளச் சொன்னார். அவர்கள் பணிவாகப் பேசினார்கள், கேட்டால் மட்டுமே பதில் சொன்னார்கள், எதை எடுப்பதற்கும் அனுமதி வாங்கினார்கள். மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் திகைப்பும் கோபமும் வெடித்தன. உடம்பு சரியில்லையா, படிப்புச் சுமையா, ஏதாவது சண்டையா என்று வீட்டார் காரணம் தேடினார்கள். வெளியே அந்நியர்களிடம் கண்ணியமாகக் கருதப்படும் அதே இடைவெளி, உள்ளே அவமதிப்பாகிவிட்டது. எந்த நடத்தைக்கும் தன்னளவில் நிலையான பொருள் இல்லை. சூழலோடு சேர்ந்தே அது பொருள் பெறுகிறது.

கண்ணியமான பாராமுகம் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் உடற்குறையோடு வாழ்பவர்களை அந்நியர்கள் உற்றுப் பார்க்கிறார்கள், உரிமையோடு கேள்வி கேட்கிறார்கள். பணியாளர்கள் எதிரில் இருக்கும்போதே அவர்கள் அங்கே இல்லாததைப் போலச் சிலர் பேசுகிறார்கள். தெருவில் பெண்களின் தோற்றத்தைப் பற்றிக் குரல் கொடுப்பவர்கள், ஆண்களுக்குத் தானாகவே கிடைக்கும் பாராமுகத்தைப் பெண்களுக்கு மறுக்கிறார்கள். ஒரு சமூகத்தில் யாரை வெறித்துப் பார்க்கலாம், யாரைப் பார்க்காமலே கடந்துபோகலாம் என்று கவனித்தால், அதன் அதிகார அடுக்கு ஏறக்குறைய வரைபடமாகவே கிடைத்துவிடும்.

கைபேசி இந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது என்ற புலம்பல் அடிக்கடி கேட்கிறது. முன்பு ரயிலில் விரித்துப் பிடித்த செய்தித்தாள் செய்த வேலையைத்தான் இன்று கைபேசித் திரை செய்கிறது. கண்களுக்குப் போக்கிடம் தந்து, அருகிலிருப்பவரைப் பார்க்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அது இருவரையும் விடுவிக்கிறது. உண்மையான குலைவு காணொளிக் கூட்டங்களில் நேர்ந்தது. அங்கே பேசாதவர் முகமும் உட்பட எல்லா முகங்களும், நெருங்கியவர்களுக்கு மட்டுமே உரிய அளவில் பெரிதாகவும் இடையறாமலும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒதுங்கிப் போக மூலையும் இல்லை, பார்வையைச் செலுத்த ஜன்னலும் இல்லை. இந்தக் கூட்டங்கள் தரும் களைப்புக்கு அளவுமீறிய நெருக்கப் பார்வையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2021இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெரமி பெய்லென்சன் வாதிட்டார். காணொளிச் சாளரத்தைச் சிறிதாக்கி முகங்களைத் தள்ளி வைக்கலாம், நம் முகம் நமக்கே தெரியாதபடி மறைத்துக்கொள்ளலாம் என்பவை அவர் சொன்ன வழிகள்.